கடலுக்குக் குத்தகை இல்லை

"கடலுக்கு எவன்டா குத்தகை எடுத்துக்கீறான்?"

இப்படிக் கேட்டுவிட்டுத்தான் ஏசுதாஸ் போன வருஷம் முதல் தடவையாகக் கடலுக்குத் தூண்டிலோடு கிளம்பினான். எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. டிவிஎஸ் எக்ஸெல்லில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பெலும்பு கழன்று கையில் வரும். எங்கள் தெருவில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்குப் போனபோது கடலைப் பார்த்ததோடு சரி.

நான் ஆல்பர்ட். ஏசுதாசுக்குப் பங்காளி முறை, அடுத்த வீடு. உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று என் பெண்டாட்டி சொல்வாள். இருக்கட்டும். வாய் நீளம் இல்லாதவன் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, பாதியிலேயே எழுந்து போய்விடுவான்.

ஏசுதாஸ் வரப்பு வெட்டுவான், மூட்டை தூக்குவான், வயல் வேலை இல்லாத நாளில் சென்ட்ரிங் பலகை அடிக்கப் போவான். அதெல்லாம் வயிற்றுக்கு. அவன் உயிர் கிடந்தது ஏரியில். எந்தக் கோரைக்குள் விரால் குஞ்சோடு நிற்கிறது என்று கரையில் நின்றே சொல்வான். பெண்டாட்டி சோபியாவுக்கும் ஒரே மகள் தமிழ்ச்செல்விக்கும் ஒரு பொட்டு நகை வாங்கிப் போட்டவன் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அந்த வீட்டில் மீன் கொதிக்காமல் இருந்ததில்லை. "என் வூட்டுச் சட்டில என் கை மீனுதான் வேவணும்" என்பான். காசு கொடுத்து மீன் வாங்குகிறவனைப் பார்த்தால் அவனுக்கு இளக்காரம். அது ஒரு கிறுக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிறுக்குக்கு ஏரிக் குத்தகை வந்து முட்டுக்கட்டை போட்டது. ஏலம் எடுத்தவர் ஊர்த்தெரு ஆள். பேர் சொல்லி அவரைப் பெரிய மனுஷனாக்க எனக்கு இஷ்டமில்லை. காவலுக்கு ஆள் போட்டும் எங்கள் காலனியிலிருந்து தூண்டில் போடுவது நிற்கவில்லை என்று அவர் ஒரு வேலை செய்தார். வண்டியில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவித்தார். ஏரியில் மருந்து கலந்திருக்கிறதாம், மீனைத் தின்றால் விஷமாம், உயிருக்கு அவர் பொறுப்பில்லையாம். நாங்களும் பயந்துகொண்டு கிடந்தோம். ஒருநாள் விடிந்து பார்த்தால் அதே ஏரி மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி மார்க்கெட்டுக்கு வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். விஷம் எங்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

அன்றைக்கே ஏசுதாஸ் ஒரு விராலைப் பிடித்து வந்து, தெரு நடுவில் கல் கூட்டி அடுப்பு வைத்து, எல்லாரும் பார்க்க வறுத்துத் தின்றான். ஏப்பம் விட்டுவிட்டு, "செத்துட்டன்டா, தூக்கிப் போடுங்கடா" என்று கையைக் காலை நீட்டிப் படுத்தான். தெருவே சிரித்தது. அதிலிருந்து எங்கள் தெருவில் மீனுக்கே விஷம் என்று பேராகிவிட்டது. யார் வீட்டிலாவது மீன் வாசம் வந்தால், "இன்னா, இன்னிக்கு உங்க வூட்ல வெசமா?" என்று கேட்போம். வயிற்றெரிச்சலைச் சிரித்துத்தானே ஆற்ற வேண்டியிருக்கிறது.

சிரிப்பு நீடிக்கவில்லை. காவல்காரன் ஒருநாள் ஏசுதாஸைப் பிடித்துவிட்டான். மூங்கில் கழியை முழங்காலில் வைத்து ஒடித்தான். சாதியைச் சொல்லித் திட்டினான். செல்வி அப்போது கம்பெனி வேனுக்காக ஏரிக்கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள். மகள் கண் முன்னால் பட்ட அவமானம் ஏசுதாஸைத் தின்றுவிட்டது. இனிமேல் அந்த ஏரித் தண்ணீரில் கால் கழுவக்கூட மாட்டேன் என்று அந்தோணியார் மேல் சத்தியம் பண்ணினான். அதற்குப் பிறகுதான் கடல்.

அவன் போன கடல்பாலம் எந்தக் குப்பத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எப்போதோ சரக்கு இறக்குவதற்காகக் கடலுக்குள் தூண் நிறுத்திக் கட்டிய பாலம். இப்போது சரக்கும் இல்லை, படகும் இல்லை. ஓரமாக வரிசையாக உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். ஏசுதாஸ் அங்கே புது மூங்கில் கழியும், நெட்டித் தக்கையும், ஒரு கொட்டாங்கச்சி நிறைய மண்புழுவுமாகப் போய் நின்றான். பாலமே திரும்பிப் பார்த்ததாம்.

"இன்னா நைனா, கெணத்துல தூண்டி போட வந்தியா?" என்று ஒருத்தர் கேட்டார். அவர் பேர் செந்தமிழன், அந்தக் குப்பத்துக்காரர், இவன் வயதுதான் இருக்கும்.

தக்கை அலையில் ஆடி ஆடி ஏசுதாசுக்குத் தலை சுற்றியது. மண்புழு உப்புத் தண்ணீரில் வெளுத்து நூலாகத் தொங்கியது. கழிக்கு எட்டிய தூரம் தூணுக்குப் பக்கத்தில்தான். அங்கே ஒட்டியிருந்த சிப்பி தூண்டில் நரம்பை அறுத்து, முள்ளையும் வாங்கிக்கொண்டது. முதல் நாள் வெறுங்கையோடு வந்தான். என்னடா பிடித்தாய் என்று கேட்டேன். "காத்து புடிச்சேன்" என்றான்.

ஆனால் விடாக்கண்டன். ஞாயிறு தவறாமல் போனான். பாதிரியார் அவனைக் கோயிலில் பார்த்தே மாதக்கணக்காயிற்று. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். கழி வேண்டாம், தங்கூசி நரம்பைக் கட்டையில் சுற்றிக் கையாலேயே வீச வேண்டும். தக்கை வேண்டாம், ஈயக்குண்டு கட்டி அடியில் கிடக்க விட வேண்டும். புழுவுக்குப் பதில் மத்தித் துண்டு, இறால். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் மீன் பாலத்தடிக்கு வரும், வற்றுகிற நேரத்தில் உட்கார்ந்திருப்பது வீண். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் முள்ளைக் கழுவாவிட்டால் அடுத்த வாரம் துருதான் மிஞ்சும். இதில் பாதி செந்தமிழன் சொன்னது, பாதி பட்டுத் தெரிந்தது. நாளாக ஆக ஒரு கை கிழங்கான், நாலு காரப்பொடி என்று பொடி மீனாக வீட்டுக்கு வர ஆரம்பித்தது. சோபியா அதைப் பார்த்து, "இதுக்கு வாங்குற மசாலா மீன விட கனமா கீது" என்பாள். ஏசுதாசுக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஒரு தடவை வெள்ளியாகப் பளபளக்கிற நல்ல மீன் ஒன்று மாட்டியது. பக்கத்தில் இருந்த ஒருத்தன், "அது முள்ளு மீனு, பூனகூட தின்னாது, போட்டுடு" என்றான். இவனும் புதுசுதானே, நம்பி ஓரமாகப் போட்டான். கிளம்பும்போது பார்த்தால் அந்த மீன் அந்த ஆளின் பைக்குள் இருந்தது. கேட்டதற்குப் பாலமே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து ஏசுதாஸ் என்னிடம் சொன்னான்: "ஏரியா இருந்தா இன்னா, கடலா இருந்தா இன்னா. நம்மள தின்ன வுடாம பண்றதுக்கு எவனாச்சும் ஒரு கத சொல்வான்டா." அவன் சொன்னதில் எனக்கு அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை. இப்போதும் முழுக்கத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கனமாக ஒன்று இழுத்தது. தூண்டில் நரம்பு உள்ளங்கையை அறுக்க அறுக்க மேலே கொண்டுவந்தான். கொழுத்த மீன், முதுகில் புள்ளி. பாலத்தில் விழுந்ததும் வயிற்றை உப்பிக்கொண்டு பந்து மாதிரி ஆகிவிட்டது. முன்பல் முயலுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. ஏசுதாஸ் அத்தனை மாதத்தில் அவ்வளவு கறியுள்ள மீனைப் பிடித்ததில்லை.

செந்தமிழன் எட்டிப் பார்த்தார். "பேத்த அது. தூக்கிப் போடு."

"ஏன்?"

"வெசம். தின்னா நாக்கு இழுத்துக்கும், மூச்சு நின்னுடும். எங்க குப்பத்துல நாய்கூட மோந்து பாக்காது."

விஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏசுதாசுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் வளர்ந்த யாருக்கும் வந்திருக்கும். செந்தமிழன் அதைப் பார்த்துக் கோபப்பட்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்யா, கடல்ல போட்டுடு" என்று கத்தினார். "செரிண்ணே, போட்டுடறேன்" என்று இவன் பாலத்தின் அந்தப் பக்கம் போனான். போய், கோணிப்பைக்குள் போட்டுச் சுருட்டி வண்டியில் கட்டினான். செந்தமிழன் திரும்பிப் பார்த்தபோது வண்டி மணலைத் தாண்டிவிட்டது.

மத்தியானம் வந்ததும் கொல்லையில் உட்கார்ந்து அவனே மீனை உரித்தான். தோல் சொரசொரவென்று இருந்ததால் உரித்து எறிந்துவிட்டு, துண்டு போட்டுச் சட்டியில் கொடுத்தான். சோபியா முகம் மலர்ந்துவிட்டது. "கோழிக்கறி மாதிரி கீதே, இன்னா மீனு இது?" என்று கேட்டாள்.

"மொதல்ல ஆக்குமே. தின்னுட்டு அப்பறமா சொல்றேன், வாய்வுட்டு சிரிப்ப" என்றான்.

கடல்காரர்களும் விஷம் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்ததை, வயிறு நிறைந்த பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. செல்வி அன்றைக்கு ஓவர்டைம் பார்க்கக் கம்பெனிக்குப் போயிருந்தாள். அதனால் அந்த வார்த்தை அவன் ஒருத்தன் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

எங்கள் வழக்கம் இரண்டு உண்டு. மீன் பிடித்தவனுக்குத்தான் சினை. குழம்பில் போடாமல் மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் தனியாக வறுத்துக் கொடுப்பார்கள். இன்னொன்று, நல்ல மீனாக இருந்தால் குழம்பை அன்றைக்குத் தொடமாட்டோம். ஒரு ராத்திரி ஊறி, மறுநாள் சோற்றில் பிசைந்தால்தான் அது குழம்பு. சோபியா குழம்பைக் கொதிக்கவைத்து மூடிவிட்டு, ரசம் ஊற்றிச் சோறு போட்டாள். இரண்டு பேரும் தின்றார்கள், சினையை மட்டும் ஏசுதாஸ் கடித்துக்கொண்டான். பிறகு பாயில்கூடப் படுக்காமல் தரையிலேயே சாய்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப் போனது. மிளகாய்க் காரம் என்று நினைத்திருக்கிறான். விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தால் கால் சொன்னபடி கேட்கவில்லை. அப்போதுதான் செந்தமிழன் முகம் ஞாபகத்துக்கு வந்ததாம். "சோபி... அந்த மீனு..." என்று குழறினான்.

"மீனு எங்க போவப் போவுது, மூடித்தான் வச்சிக்கீறேன். உனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஓடி வந்தாள். அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். கண் சொருகி, வாயில் நுரை தள்ளிக் கிடந்தான். எங்களுக்கு ஒன்றுதான் தோன்றியது. கட்டுவிரியன் கடித்தால் இப்படித்தான் ஆகும், வலியும் இருக்காது, கடிவாயும் தெரியாது. தரையில் படுத்தவனைப் பாம்பு தொட்டுவிட்டது என்று முடிவு கட்டி என் ஆட்டோவிலேயே தூக்கிப் போட்டேன். வேலை முடிந்து அப்போதுதான் தெருவுக்குள் வந்த செல்வியும் அப்படியே ஏறிக்கொண்டாள்.

உத்திரமேரூரில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், என்ன சாப்பிட்டார் என்றும் கேட்டார். "ரசஞ்சோறு சார். நானும் அதத்தான் தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆவலையே" என்றாள் சோபியா. மறைத்துச் சொல்லவில்லை. இரண்டு வாய் சினையை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்? காரணம் எதுவானாலும் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் மூச்சு கொடுத்தார்கள். அதனால்தான் பிழைத்தான். பிழைக்காமல் இருந்திருக்கலாம் என்று அவனே பல தடவை சொல்லிவிட்டான்.

அந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடுமாம், அறிவைத் தொடாதாம். இமையைக்கூட அவனால் அசைக்க முடியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டது. மெஷின் சத்தம், நர்சுகள் பேசுவது, பக்கத்துக் கட்டில் கிழவனின் முனகல், எல்லாம். அவனுக்குள் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியிருக்கிறது. வீட்டில் அடுப்பு மேல் அந்தச் சட்டி இருக்கிறது. அது என்ன மீன் என்று இந்த உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் பார்க்க விட்டார்கள். சோபியாவும் செல்வியும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். செல்வி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்தவள், முகம் வெளுத்துக் கிடந்தது.

"நீ வூட்டுக்குப் போமே" என்றாள் சோபியா. "குளிச்சிட்டு, நைனாக்கு ரெண்டு லுங்கி எடுத்துக்கினு சாயங்காலமா வா. கொழம்பு மூடி வச்சிக்கீறேன், கொதிக்க வச்சி வயிறு நெறைய சாப்டு. நேத்துலேந்து பச்சத்தண்ணி பல்லுல படல உனக்கு."

செல்வி அவன் கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில் அவன் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. நான் பார்த்தேன்.

"அம்மா, நைனா அழுவறாரும்மா. நாம பேசறது கேக்குது போல."

நர்ஸ் வந்து, "அதெல்லாம் இல்லம்மா, கண்ணு மூடாம இருந்தா தண்ணி வரும்" என்று துடைத்து, மருந்து விட்டு, இமையின் மேல் பிளாஸ்டர் ஒட்டினார். செல்வி குனிந்து அவன் காதில் சொன்னாள்: "அழுவாத நைனா. உனக்குத் தல துண்டு எடுத்து வச்சிட்டுத்தான் நான் சாப்புடுவேன்."

அந்த நிமிஷத்தில் அவன் உள்ளுக்குள் எப்படிக் கத்தியிருப்பான் என்று நினைத்தால் இப்போதும் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன். ஒரு விரலை அசைக்க முடிந்திருந்தால் போதும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். வேறு எதையும் கடவுளிடம் கேட்கவில்லையாம்.

செல்வியை நான்தான் கூட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் இறக்கிவிட்டேன். சவாரி எடுக்கப் போய்விட்டேன். மத்தியானம் அவள் அடுப்பு மூட்டியதை என் பெண்டாட்டி பார்த்திருக்கிறாள். சட்டியை வழித்துத் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். ராத்திரியெல்லாம் கண் விழித்த பிள்ளை, தூங்கட்டும் என்று ஒருத்தரும் எழுப்பவில்லை. தெருவில் பந்து விளையாடியவர்களைக்கூட என் பெண்டாட்டி, சத்தம் போடாதீர்கள், செல்வி தூங்குகிறாள் என்று விரட்டியிருக்கிறாள். சாயங்காலம் சோபியா போன் மேல் போன் போட்டும் எடுக்கவில்லை என்று நான் போய்க் கதவை உடைத்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் தட்டு மூடிய கிண்ணத்தில் ஒரு தலைத் துண்டு இருந்தது.

அப்போதும் எங்கள் புத்திக்கு எட்டியது பாம்புதான். அப்பனைக் கடித்த அதே விரியன் மகளையும் கடித்துவிட்டது என்று ஆளுக்கொரு கடப்பாரை எடுத்தோம். அந்த வீட்டுத் தரையைப் பெயர்த்தோம், சுவரைக் குடைந்தோம், அடுப்பைப் பிடுங்கிப் போட்டோம். குழம்புச் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளியது நான்தான். எலி வளை ஒன்றுதான் கிடைத்தது.

செல்வியை அறுத்துப் பார்க்க அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். மறுநாள் மேலே வார்டில் ஏசுதாசுக்கு விரல் அசைந்தது. மூச்சு சொந்தமாக வந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். மகள் விஷயத்தை இப்போது சொல்ல வேண்டாம், இருதயம் தாங்காது என்று டாக்டர் சோபியாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவள் பிணவறை வாசலிலிருந்து எழுந்து, குழாயடியில் முகத்தைக் கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். நானும் கூடப் போனேன். அப்படி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்லை.

ஏசுதாஸ் அவளைப் பார்த்ததும் உதட்டை அசைத்தான். சத்தமே வரவில்லை. அவள் காதைக் கொண்டுபோனாள். இரண்டாவது தடவை எனக்கே கேட்டது.

"புள்ள சாப்டுச்சா?"

வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போது அவன் தினமும் கேட்கிற கேள்வி அது. அதைத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் சோபியா. அவன் தலையைத் தடவிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பைக்கூட வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "சாப்டுச்சு. சட்டிய வழிச்சி வயிறு நெறைய சாப்டுச்சு. நல்லா தூங்குது. நீ கவலப்படாத."

அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடவே இல்லை. சத்தம் வராமல் அவன் கத்துவதைப் பார்த்து, வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.